மிளகாய்க்கு முந்திய மேசை

மிளகாய் யாழ்ப்பாணத்தில் பிறந்தது என்று ஐம்பது வயதை நெருங்கும் வரைக்கும் நம்பியிருந்தேன். மனதுக்குள் நம்பிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஜேர்மனியில் கோப்பை கழுவிய காலத்தில், பக்கத்தில் நின்ற துருக்கிக்காரன் தங்கள் ஊர் மிளகாய்தான் உலகத்திலேயே பழையது என்று சொல்லப்போக, ஒரு மாலை முழுக்க அவனோடு வாதாடி, மிளகாய் எங்களிடமிருந்துதான் உங்களுக்கு வந்தது என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவன் களைத்துப்போய்ச் சொன்னான் என்பது இப்போது விளங்குகிறது.

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் லண்டனுக்கு வந்தேன். டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த இந்தச் சமையற்கூடத்தை எடுத்து, கலியாணம், பிறந்தநாள், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி என்று தென்லண்டன் முழுக்கச் சாப்பாடு அனுப்பினேன். போன வருடம் முழங்கால் இரண்டும் சொல்லிவைத்தாற்போல ராஜினாமாச் செய்தன. அவை இல்லாமல் எனக்கு மட்டும் அடுப்படியில் என்ன வேலை என்று நானும் விலகிவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி வசந்தி அக்கா கேட்டார். வசந்தி அக்கா யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் வந்தவுடன் உங்களை ஏசுகிறவர். தொடக்கம் முதல் என்னோடு நின்று சமைத்தவர், என்னைவிட மூத்தவர், இப்போது கூடத்தை நடத்துகிறவர். உழுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சோறு எப்போது வடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் சொல்லித் தருவார். நான் எழுதப்போவது பதறுவதைப் பற்றி. அந்தத் துறையில் என்னை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை.

மார்சியா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையற்கூட வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற தாதி, லூயிஷாமில் வீடு, பிறந்தது தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கிற கயானாவில். நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அவர் எல்லோரையும் ‘டார்லிங்’ என்றுதான் கூப்பிடுவார். அதை மட்டும் மொழிபெயர்க்க எனக்குத் துணிவில்லை.

“சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணி. லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபம். நாற்பது பேர்” என்றார். “உங்களுடைய பழைய சாப்பாடு வேண்டும். இருப்பதிலேயே பழையது. மிளகாய் வேண்டாம், தக்காளி வேண்டாம், உருளைக்கிழங்கு வேண்டாம். ஏனென்றால்...”

நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். “ஏனென்று நீங்கள் சொல்லவே தேவையில்லை. எனக்கு விளங்கும்.”

“உண்மையாகவா?”

“இருபது வருட அனுபவம்.”

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “விளங்குகிற ஒருவரைத் தேடி எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா, டார்லிங்? பள்ளிக்கூடத்திலிருந்து வரலாற்று ஆசிரியர் ஒருவர் வருகிறார். இந்த நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்கு நடத்த விடுங்கள் என்று இரண்டு வருடமாக அவர் பின்னால் திரிகிறேன். ‘வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று இப்போதுதான் சம்மதித்திருக்கிறார். மேசையில் ஒரு பொருள் பிழைத்தாலும், சாப்பாட்டுத் திருவிழா என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு இன்னொரு தரம் கிடைக்காது.”

“ஒரு பிழையும் வராது” என்றேன்.

எனக்கு விளங்கியது என்னவென்றால், வயிறு. இருபது வருடமாக ‘மிளகாய் வேண்டாம்’ என்று இந்த நகரத்தில் யார் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உறைப்புக்குப் பயந்த ஆட்கள் வருகிறார்கள், ஒருவர் வாயை ஊதிக்கொண்டு தண்ணீர் கேட்டால் மானம் போய்விடும். தக்காளியும் உருளைக்கிழங்கும் ஏன் வேண்டாம் என்று ஒரு கணம் யோசித்தேன். புளிப்பு ஒத்துக்கொள்ளாது, வாய்வு ஒத்துக்கொள்ளாது என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். கேள்வியும் பதிலும் ஒரே மண்டைக்குள் இருந்து வந்தால் எவ்வளவு சுகமாகப் பொருந்திவிடுகிறது பாருங்கள்.

அப்படியே உட்கார்ந்து, உலகத்திலேயே சாதுவான ஒரு சாப்பாட்டைத் திட்டமிட்டேன். கஜு என்கிற முந்திரிப்பருப்பு அரைத்த வெள்ளைக் குருமா. பூசணிக்காய்ப் பால்கறி. பீன்ஸ் என்கிற போஞ்சியில் வறை. மரவள்ளிக் கிழங்கு அவியல். குடைமிளகாய் போட்ட சோறு. பெயரில் மிளகாய் இருந்தாலும் அது பூனைக்குட்டி மாதிரி, கடிக்காது. வடை. அன்னாசிக் கேசரி. பாயாசம். தொட்டில் பிள்ளைகூட அழாமல் சாப்பிடும் என்று வசந்தி அக்காவிடம் பெருமையடித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், குருமா கொதித்து இறங்கிய நேரத்தில், மார்சியா தொலைபேசி எடுத்தார். ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் வைக்க அட்டை எழுதுகிறாராம், பெயர்களைச் சொல்லட்டாம்.

“முதலாவது கஜு குருமா” என்றேன்.

அந்தப் பக்கம் பேனா ஓடிய சத்தம் நின்றது.

“கஜு என்னுடையது, டார்லிங்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். “இரண்டாவது பூசணிக்காய்.”

“அதுவும் என்னுடையது.”

“போஞ்சி?”

“என்னுடையது.”

“மரவள்ளி, அன்னாசி?”

“சிறி, அவை இரண்டும் என் மேசையில் இப்போதே இருக்கின்றன.” டார்லிங் போய் என் பெயர் வந்துவிட்டது.

“அப்ப குடைமிளகாய்ச் சோறு?”

“மிளகாய் வேண்டாம் என்றுதானே முதல் வசனமே சொன்னேன்?”

“இது உறைக்காது!” என்று ஏறக்குறையக் கத்தினேன்.

பிறகு, சுரக்காரனிடம் பேசுகிற குரலில் கேட்டார்: “நீங்கள் என்னத்தை விளங்கிக்கொண்டீர்கள், டார்லிங்?”

வயிறு என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விடவில்லை, ஏசவும் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் கையை உயர்த்தி நிறுத்திய அந்த ‘ஏனென்றால்’ இருக்கிறதே, அதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஐந்நூறு வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால்வரை, அத்திலாந்திக் கடலுக்கு அந்தப் பக்கத்து உலகத்துக்கும் இந்தப் பக்கத்து உலகத்துக்கும் போக்குவரத்தே இல்லாத மாதிரித்தான். பிறகு ஸ்பெயின்காரரின் கப்பல்கள் போயின, போர்த்துக்கீசரின் கப்பல்கள் போயின, அதோடு எல்லாம் தலைகீழாகிவிட்டது. மார்சியா மண்டபத்தில் இரண்டு நீள மேசை போட்டிருக்கிறார். ஒன்றில் அவருடைய அம்மாவின் ஆட்கள், அதாவது கயானாவின் ஆதிக்குடிகள், அந்தக் கப்பல்கள் வருவதற்கு முன் சாப்பிட்டது. மற்றதில் அதே காலத்தில் எங்கள் பக்கத்து உலகம் சாப்பிட்டது. நடுவில் வெறும் தரை, அதுதான் கடல். இரண்டையும் கலக்கக் கூடாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு என்று அவர் சொன்ன மூன்றும் வெறும் உதாரணம். மிச்சம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். இருபது வருட அனுபவம் என்று நான்தானே சொன்னேன்?

“மரவள்ளி இரண்டு மேசையிலும் இருந்தால் நான் கதைத்து ஒரு பிரயோசனமும் இல்லை” என்றார். “ஆறு மணிக்குள் வேறு செய்ய ஏலுமா? ஏலாது என்றால் இப்போதே சொல்லுங்கள். உங்கள் மேசையை வெறுமையாக விட்டுவிட்டுக் கதைக்கிறேன்.”

“ஏலும்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம், காலையிலேயே கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு தாச்சியை எடுத்துத் திரும்பக் கழுவியது. பதறினால் நான் அப்படித்தான். வசந்தி அக்கா பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன தம்பி, உந்தத் தாச்சியை ஏன் தேய்க்கிறீர்?”

“அக்கா, மிளகாய் எங்கட இல்லையாம்.”

“ஆர் களவெடுத்தது?”

“களவில்லை. எங்கட ஊரில முந்தி மிளகாயே இருக்கயில்லையாம். போர்த்துக்கீசன் கப்பலில கொண்டுவந்ததாம்.”

“விசர்க் கதை. அப்ப எங்கட சனம் என்னத்தைத் திண்டது?”

“அதைத்தான் ஆறு மணிக்குள்ள கண்டுபிடிக்க வேணும்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் அடுப்பு முழுக்க நின்ற சட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாம் வெளிநாட்டுக்காரராக நின்றன. மூளை எனக்கு முதலில் காட்டியது எப்போதும் காட்டுகிற வழிதான்.

“வான் பழுதாப் போச்சு எண்டு சொல்லுவமே அக்கா?”

“போன மாசக் கலியாணத்துக்குப் பிந்தினதுக்கும் வான்தான் பழுது. உந்த வான் ஒருநாள் உம்மில வழக்குப் போடும்.”

“அப்ப எனக்கு நெஞ்சு நோகுது எண்டு சொல்லுவம்.”

“சொல்லும். அந்த மனுசி நேர்ஸ் எண்டனீர். வந்து நாடி பிடிச்சுப் பாக்கும்.”

அந்த நேரத்தில்தான் மேல்மாடியில் குடியிருந்த கார்த்திக் இறங்கி வந்தான். கும்பகோணத்துப் பிள்ளை, ஏதோ வங்கியில் கணினி வேலை. எங்கள் அடுப்பின் வாசம் படியேறிப் போனால் அவன் படியிறங்கி வருவான். ‘டேஸ்ட் பாக்க வந்தேன்ணே’ என்பான். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வெங்காயச் சாக்கின்மேல் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் தேடித்தேடி வாசிக்கத் தொடங்கினான்.

“தக்காளி அவுட். கொய்யா அவுட். பப்பாளி அவுட். வேர்க்கடலை, மக்காச்சோளம், சக்கரவள்ளி, எல்லாம் அவுட். அண்ணே, புகையிலைகூட அவுட்டு.”

“புகையிலையுமோ!” என்று வசந்தி அக்கா தலையில் கை வைத்தார். எங்கள் பக்கத்தில் கல்வீடு கட்டியவர்களில் பாதிப் பேர் புகையிலை விற்றுக் கட்டியவர்கள். மிளகாயும் புகையிலையும் போனால் யாழ்ப்பாணத்தானுக்கு மிச்சம் என்ன இருக்கிறது, வாய் மட்டும்தான். உறைப்பில்லாத தூள் என்று எங்களிடம் ஒன்றும் கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் கறிக்குப் போடுகிற தூளே செத்தல் என்கிற காய்ந்த மிளகாயை வறுத்து இடித்த தூள்தானே.

கார்த்திக் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தான். “இருங்கண்ணே. எங்க வீட்ல தாத்தா திவசத்துக்குச் சமைக்கிறப்போ அம்மா மிளகாயத் தொடவே மாட்டாங்க. மிளகுதான். தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, பீன்ஸ் கிடையாது. ஏன்னு கேட்டா ‘அதெல்லாம் இங்கிலீஷ் காய்டா, ஆகாது’ம்பாங்க. நான் ஏதோ மடி ஆச்சாரம்னு நெனச்சேன்.”

“மிளகோ?” என்றார் வசந்தி அக்கா. “மிளகு, மல்லி, நற்சீரகம், உள்ளி, மஞ்சள். உது எங்கட சரக்குக் கறியெல்லோ! பிள்ளை பெத்த வீட்டில வைக்கிறது. மூண்டு பிள்ளைக்கும் எனக்கு மாமி உந்தக் கறியைத்தான் தந்தவ. செத்தல் மிளகாயைக் கண்ணிலயும் காட்டயில்லை.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு சாப்பாடு, செத்தவருக்குப் படைக்க ஒரு சாப்பாடு. இந்த இரண்டு இடத்திலும் எங்கள் ஆட்கள் ஏன் எதற்கென்று மறந்துபோன பிறகும் பழைய கறியை விடாமல் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் கிடக்கிற ஆயுள் முழுக்கத்தான் மிளகாய்.

“கெதியா அரிசியைப் போடும்” என்றார் அக்கா. “வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல்.”

எப்படிச் சமைத்தோம் என்பதைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. முருங்கைக்காய்ச் சரக்குக் கறி, வாழைக்காய் மிளகு வறுவல், புடலங்காயும் பயறும், கத்தரிக்காய்ப் பால்கறி, தக்காளி போடாத புளி ரசம். பூசணிக்காயை எடுத்துவிட்டு, கோயில் வாசலில் உடைக்கிற சாம்பல் நிற நீற்றுப்பூசணியை வைத்து மோர்க்குழம்பு. அது எங்கள் பக்கத்துக் காய்தான் என்று கார்த்திக் இரண்டு இடத்தில் பார்த்துச் சொன்னான். கடையில் காய் வாங்க நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து முதலாளி, யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். கொலம்பசுக்கு என்றேன்.

எல்லாம் முடியப்போகிற நேரத்தில் கார்த்திக் எண்ணெய்ப் பீப்பாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். “அண்ணே, சொன்னா கோபிக்கக் கூடாது. சூரியகாந்தியும் அந்தப் பக்கம்தான்.”

கறிகளை நல்லெண்ணெயில் தாளித்திருந்தாலும், வடை முழுக்க அந்த எண்ணெயில் பொரித்தது.

“எண்ணெய்க்குமோ பாஸ்போட் பாக்கிறியள்?” என்று வசந்தி அக்கா கத்தினார். பிறகு நல்லெண்ணெய்ப் போத்தல்களை எடுத்துத் தாச்சியில் ஊற்றினார். மிச்சமிருந்த மாவில் மிளகு குத்திப் போட்டுப் புதிதாக வடை. முதல் வடையை முழுக்க நான்தான் தின்றேன். பதற்றத்துக்கு வடை நல்லது.

வான் வண்டியில் போகும்போது என் மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. சவுத் சேர்க்குலர் வீதியில் வழக்கம்போல வாகனங்கள் தேர் மாதிரி நகர்ந்தன. ரசப் பானையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா திருவாசகம் முணுமுணுத்தார். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். தம்பிமாரே, இந்த எண்ணம் வந்தால் உடனே திரும்பி எல்லாவற்றையும் இன்னொரு தரம் பாருங்கள்.

மண்டபத்தில் எங்கள் மேசையைச் சுற்றி நாற்காலிகள் நெருக்கமாகக் கிடந்தன. எதிர்ப்பக்கத்து மேசையில் மார்சியா மரவள்ளி ரொட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். மரவள்ளிச் சாற்றை வற்றக் காய்ச்சிய கறுப்புக் குழம்பு, அவித்த மக்காச்சோளம், கச்சான் என்கிற வேர்க்கடலை, சிவப்பு மிளகாய், அன்னாசி. அதைச் சுற்றியும் அதேயளவு நாற்காலிகள். புறப்படமுன் நான் தொலைபேசியில் சொன்ன புதுப் பெயர்களோடு அட்டைகள் எழுதித் தயாராக இருந்தன. உயரமான ஒரு மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக வாசித்துக்கொண்டு போனார். சுகாதாரப் பரிசோதகர் நடக்கிற நடை. அவர்தான் வரலாற்று ஆசிரியர் என்று எவரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

எங்கள் சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, மரியாதைக்காக மார்சியாவின் மேசையைப் பார்க்கப் போனேன். ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாடி. அதற்குள் சின்னச் சின்ன வெள்ளை முத்துகள்.

“இது என்ன?”

“மரவள்ளிதான், டார்லிங். சாற்றை அடைய விட்டால் அடியில் மா நிற்கும். அதை உருட்டி வறுத்தால் இப்படி வரும்.”

அந்த முத்துகளை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். எங்கே? என் பாயாசத்தில்.

சவ்வரிசி. முந்தி ஏதோ ஒரு மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்ததாம். இப்போது கடைகளில் விற்கிறதெல்லாம் மரவள்ளி. கஜுவை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, பாயாசம் சுத்தம் என்று காலையில் காய்ச்சியதையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் மேசையின் கடைசியில், மூடியோடு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அது நின்றது. ஆசிரியர் வடையடியில் நின்றார். அதற்கு அடுத்தது ரசம். அதற்கு அடுத்தது அதுதான்.

அக்காவின் காதில் சொன்னேன். அவர் முகம் அசையவில்லை.

“வாயை மூடும். தேங்காய்ப்பாலுக்க முத்து ஆருக்குத் தெரியப்போகுது? அட்டையில பயத்தம் பாயாசம் எண்டுதானே கிடக்கு.”

அவர் சொன்னது சரி. எவருக்கும் தெரியாது. அரிதட்டை எடுத்து முத்துகளை வடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். கரண்டியை விட்டு ஒரு தரம் அள்ளியும் பார்த்தேன். இருபது முத்து வந்தது, பானைக்குள் இன்னும் இரண்டாயிரம் நின்று சிரித்தன. மார்சியா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து ‘எல்லாம் சரியா?’ என்று பெருவிரலைக் காட்டினார். நானும் பெருவிரலைக் காட்டினேன். என் பெருவிரலைப் போல ஒரு பொய்யன் அன்று லூயிஷாமில் இல்லை.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒளித்தால் மாட்டுப்படுவோமா என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். அது பிழையான கணக்கு. மாட்டுப்பட்டால் யார் நிற்பார் என்று பாருங்கள். நான் நிற்கமாட்டேன், சட்டியை ஏற்றிக்கொண்டு டூட்டிங் போய்விடுவேன். அந்த ஆசிரியருக்கு முன்னால் தனியாக நிற்கப்போவது மார்சியா. சாப்பாடு நான் சமைத்தது என்றாலும் மானம் அவருடையது.

பானையை இரண்டு கையாலும் தூக்கினேன். தூக்கியபடியே நடுத்தரையைக் கடந்து போய், “மார்சியா, இதற்குள் உங்கள் மரவள்ளி இருக்கிறது” என்றேன். பயத்தில் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. ஆசிரியரும் திரும்பிப் பார்த்தார்.

மார்சியா மூடியைத் திறந்து பார்த்தார். “வேறு என்ன இருக்கிறது?”

“பயறு. தேங்காய்ப்பால். ஏலக்காய். சர்க்கரை.”

“கரும்புச் சர்க்கரையா?”

“ஓம்.”

அவர் மூடியைத் திரும்ப மூடினார். பிறகு ஒரு முக்காலியை எடுத்துவந்து, இரண்டு மேசைக்கும் நடுவில், கடலில், வைத்தார். “இங்கே வையுங்கள். மேசைகளை ஒன்றாகத் தள்ளித்தான் முடிக்கலாம் என்று இருந்தேன். இனித் தள்ளத் தேவையில்லை.”

ஆட்கள் வந்தார்கள். எல்லோரையும் மார்சியா எங்கள் மேசையில்தான் உட்கார வைத்தார். முழங்கையோடு முழங்கை முட்ட இருந்து, மிளகுக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, மிளகாய் இல்லாமலே இப்படி உறைக்கிறதா என்று வியந்தார்கள். மார்சியா எதிர்மேசையில் போய்த் தனியாக இருந்தார். அத்தனை நாற்காலியிலும் அவர் ஒருவர்.

“இந்த நாற்காலிகள் அலங்காரத்துக்கு இல்லை” என்று தொடங்கினார். சத்தமாகக்கூடப் பேசவில்லை. “உங்கள் பக்கத்திலிருந்து வந்த கப்பல்களில் பெரியம்மையும் வந்தது. என் அம்மாவின் ஆட்களுடைய உடம்புக்கு அந்த நோயை முன்பின் தெரியாது. நோய், போர், கட்டாய வேலை. எத்தனை பேர் போனார்கள் என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பெரும்பாலானோர் போனார்கள் என்பதில் சண்டையில்லை.”

வசந்தி அக்காவுக்கு ஆங்கிலம் அரைகுறை. நான் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அதே கடலால் உங்கள் மேசைக்கு மக்காச்சோளம் போனது, உருளைக்கிழங்கு போனது, மரவள்ளி போனது. நெல் விளையாத இடத்திலும் மழை பொய்த்த வருடத்திலும் உங்கள் ஆட்கள் அவற்றைத் தின்று உயிர் தப்பினார்கள். உங்கள் பக்கத்தில் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறீர்களே, அதற்கு அதுவும் ஒரு காரணம்.”

அதைச் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்தார். “ஓம் தம்பி. சண்டை நேரம் ஆமிக்காரர் ஒண்டும் உள்ள வராமல் தடுத்து வச்சிருந்தவங்கள். பிள்ளையளுக்கு மரவள்ளிதானே அவிச்சுக் குடுத்தனான். உவவின்ர ஆக்களின்ர கிழங்கோ அது?”

மார்சியா எழுந்து பானையடிக்கு வந்தார். கரும்பு எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனதைச் சொன்னார். அதை வெட்ட நாற்காலிகளில் ஆள் இல்லாமற்போனதைச் சொன்னார். தன் அப்பாவின் ஆட்களை ஆபிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டு ஏற்றியதையும், அடிமை முறை ஒழிந்த பிறகு கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் கூலிக்கு ஆட்களை ஏற்றியதையும் சொன்னார். மதராஸ் என்றபோது எங்கள் இருவரையும் பார்த்தார். “இதில் என் அம்மாவின் கிழங்கு இருக்கிறது. இவர்களுடைய தேங்காய் இருக்கிறது. இனிப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிட்டேன். விரும்பியவர்கள் எடுங்கள். என் மேசையிலும் சாப்பிடுங்கள். நாற்காலிகளில் மட்டும் இருக்க வேண்டாம். நின்று சாப்பிடுங்கள்.”

எல்லோரும் எழுந்து போய், அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றபடி, எட்டி எட்டி ரொட்டியும் கறுப்புக் குழம்பும் எடுத்துச் சாப்பிட்டார்கள். கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

நான் பயந்தபடி எவரும் வடையை உடைத்து எண்ணெயை மணந்து பார்க்கவில்லை. ஆசிரியர் பாயாசத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, குடிக்கவும் இல்லை. ஒரு காலி நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மார்சியாவிடம் வந்து, வகுப்பறைக்குள் இவ்வளவு நாற்காலி கொள்ளாது, பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் நடத்தலாமா என்று கேட்டார். மார்சியா சம்மதித்தார். அடுத்த பள்ளித் தவணையில் நடந்தது. நாங்கள்தான் சமைத்தோம்.